நைட்ரோ டிரக்குக்கு எஞ்சின் மாற்றுவது கடைசி வேலை

நைட்ரோ எரிபொருளில் ஓடும் ரிமோட் கண்ட்ரோல் டிரக் (நைட்ரோ ஆர்சி டிரக்) கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பெரிய எஞ்சின் ஆசை வந்துவிடும். எனக்கும் வந்தது, மாட்டினேன். இரண்டாவது டேங்க் முடிவதற்குள் பின்பக்க டிஃபரென்ஷியலின் (இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் கியர் தொகுதி) பற்கள் பொடியாகிவிட்டன. ஆகவே நான் சொல்லும் வரிசையில் எஞ்சின் பின்னால்தான் வரும்.

படி 1: முதலில் வண்டி நிற்க வேண்டும்
சிக்னல் அறுந்தால் த்ராட்டிலை மூடிப் பிரேக் பிடிக்கும் ஃபெயில்சேஃப், வண்டிக்குள் சிக்னலை வாங்கும் ரிசீவர்கள் பலவற்றில் உண்டு. எஞ்சினை ஓட்டாமல் ரிமோட்டை அணைத்து, த்ராட்டிலையும் பிரேக்கையும் அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோ பிரேக் பக்கம் போகிறதா என்று பாருங்கள். ரிசீவர் பேட்டரியே செத்துவிட்டால் அதுவும் உதவாது. கார்புரேட்டரை இழுத்து மூடும் ஒரு சின்ன ஸ்பிரிங் அப்போது காப்பாற்றும்.

படி 2: மலிவான மாற்றங்கள்
எண்ணெய் தடவிய நல்ல ஃபோம் ஏர் ஃபில்டர், புஷ் (உருளைகள் இல்லாத வெற்று வளையம்) இருக்கும் இடங்களில் பால் பேரிங், மெட்டல் கியர் கொண்ட ஸ்டீயரிங் சர்வோ. இதில் ஃபில்டருக்குத்தான் என் முதல் ஓட்டு. உள்ளே போகும் தூசி பிஸ்டனையும் அது ஏறி இறங்கும் ஸ்லீவையும் அரித்துவிடும்.

படி 3: பழைய எஞ்சின் உண்மையிலேயே போய்விட்டதா?
எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கைக் கழற்றி, எஞ்சின் ஆறியிருக்கும்போது அதோடு சுழலும் கனச் சக்கரமான ஃப்ளைவீலை விரலால் சுற்றுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது இறுகிப் பிடித்தால் இன்னும் உயிர் இருக்கிறது. புது பிளக் போட்டு, ட்யூனிங்கை (கார்புரேட்டர் விடும் எரிபொருள் அளவை) சரிசெய்து பாருங்கள். பிடிப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு சுற்றுகிறது, சூடானதும் நின்றும்விடுகிறது என்றால் சரி, புதியது வாங்கலாம்.

படி 4: எஞ்சின் தேர்வு
பெயரில் வரும் எண் கன அங்குலக் கணக்கு. .12 என்றால் ஏறக்குறைய 2 சிசி, .15 என்றால் 2.5, .18 என்றால் 3, .21 என்றால் 3.5, .28 என்றால் 4.6. பொதுவாக .18 வரை ஸ்மால் பிளாக் (சின்ன உடல்), .21 முதல் பிக் பிளாக் (பெரிய உடல்). ஒன்றின் இடத்தில் மற்றது அப்படியே உட்காராது, மவுண்ட் மாறும். புகைபோக்கி பக்கவாட்டிலா பின்னாலா, கிராங்க்ஷாஃப்ட் எந்த வகை, எவ்வளவு நீளம், கயிற்றை இழுத்துக் கிளப்பும் புல் ஸ்டார்ட்டர் உண்டா என்று பழையதோடு ஒப்பிட்டுவிட்டே பணம் கொடுங்கள். பெட்டியில் போட்டிருக்கும் குதிரைத்திறனை நம்பாதீர்கள். கனமான டிரக்குக்குக் கீழ்ச் சுற்றிலேயே இழுவை வேண்டும். உச்சச் சுற்றில் மட்டும் சீறும் பந்தய பக்கி (இலகுவான ஆர்சி வண்டி) எஞ்சின் அதற்குச் சரிவராது.

படி 5: கியர்
எஞ்சின் பக்கத்துச் சின்ன கியரான கிளட்ச் பெல்லில் ஒரு பல் கூட்டினால் உச்ச வேகம் ஏறும், கிளம்பும் வேகம் குறையும். பெல்லுக்கும் அது சுற்றும் பெரிய ஸ்பர் கியருக்கும் நடுவே தாள் துண்டு ஒன்றை விட்டு எஞ்சினை நெருக்கி முடுக்குங்கள். அப்புறம் தாளை உருவிவிட்டால் இடைவெளி சரியாக இருக்கும். பிளாஸ்டிக் ஸ்பர் பிளாஸ்டிக்காகவே இருக்கட்டும், அதுதான் வண்டியின் ஃபியூஸ், முதலில் உடைந்து மற்றதைக் காக்கும். சக்கரங்களைத் தாங்கும் பளபளக்கும் அலுமினிய ஆர்மும் எனக்குப் பிடிக்காது. நைலான் வளைந்து மீளும், அலுமினியம் வளைந்தால் வளைந்ததுதான்.

படி 6: புது எஞ்சினைப் பழக்குதல்
முதல் நாலைந்து டேங்குகளை எரிபொருள் கூடுதலாகப் போகும் ரிச் நிலையில், விரட்டாமல் ஓட்டுங்கள். ஒவ்வொரு முறை அணைத்ததும், சூடு ஆறுவதற்குள் ஃப்ளைவீலைத் திருப்பிப் பிஸ்டனைக் கீழே இறக்கிவிடுங்கள். உச்சியில் விட்டால், ஆறிச் சுருங்க வேண்டிய ஸ்லீவைப் பிஸ்டன் தடுத்துப் பிடிப்பைத் தளர்த்திவிடும்.