பாஸ்கியா ஓவியத்தை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்தவன் நான். எந்தப் படத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது எழுத்தின்மேல்தான். அமெரிக்க ஓவியர் ஜான் மிஷேல் பாஸ்கியா விஷயத்தில் இந்தத் தொழில் கோளாறு பெரிய வசதி. அவரைப் புதிதாகப் பார்க்கிறவர்கள், அவர் படங்களில் அடிக்கடி வரும் பல்லைக் காட்டும் மண்டையோட்டில் மாட்டிக்கொண்டு, "இதைச் சின்னப் பையன்கூட வரைவானே" என்று சொல்லித் திரும்பிவிடுகிறார்கள். மண்டையோடு எங்கேயும் போய்விடாது. முதலில் எழுத்தைப் படியுங்கள்.

அதற்கும் முன்னால் விலையை மறந்துவிடுங்கள். 1982-இல் அவர் வரைந்த மண்டையோட்டு ஓவியம் ஒன்று 2017 மே மாதம் நியூயார்க்கில் 11 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. 1984-இல் அதே படம் 19,000 டாலருக்குக் கைமாறியிருந்தது. கேட்க வாய்பிளக்க வைக்கும் கணக்குதான். ஆனால் இது தெரிந்ததால் படத்தில் ஒரு கோடுகூடக் கூடுதலாகத் தெரியப்போவதில்லை.

தொடங்க வேண்டிய இடம் சுவர். 1960 டிசம்பர் 22 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர் பாஸ்கியா. அப்பா ஹைட்டிக்காரர், அம்மாவின் பெற்றோர் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்தவர்கள். பதினெட்டு வயதை ஒட்டி, பள்ளித் தோழர் அல் டயஸுடன் சேர்ந்து மன்ஹாட்டனின் தென்பகுதிச் சுவர்களில் 'ஸாமோ' என்ற புனைபெயரில் எழுதத் தொடங்கினார். அந்த நாளில் மற்ற இளைஞர்கள் சுரங்க ரயில் பெட்டிகளில் தங்கள் பெயரை வளைத்து நெளித்து வண்ணவண்ணமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் எழுதியது வாசகம். மதத்தையும் அரசியலையும் போலித் தத்துவத்தையும் நக்கல் அடிக்கும் ஓரிரு வரி. அதையும் கலைக்கூடங்கள் நிறைந்த சோஹோ தெருக்களில், யார் கண்ணில் பட வேண்டுமோ அவர்கள் கண்ணில் படும்படி எழுதினார்கள். புனைபெயரின் பக்கத்தில் காப்புரிமைக் குறி வேறு! ஊரான் சுவரில் எழுதிவிட்டு உரிமையும் கொண்டாடுவது என்றால் கொழுப்புதான். எனக்குப் பிடித்த கொழுப்பு.

ஸாமோ சுவர்களின் புகைப்படங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. ஓவியங்களுக்குப் போகுமுன் அவற்றைப் பாருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் மட்டும், அலங்காரம் கிடையாது. ஆங்கில 'ஈ' (E) எழுத்தைக் கவனியுங்கள். பல இடங்களில் நிமிர்ந்து நிற்கும் முதுகுக் கோடு இருக்காது. ஒன்றன்கீழ் ஒன்றாக மூன்று படுக்கைக் கோடுகள் மட்டும் இருக்கும். பின்னாளில் அருங்காட்சியகங்களில் தொங்கும் ஓவியங்களிலும் அதே மூன்று கோடு 'ஈ' வந்து உட்கார்ந்திருக்கும். நாங்கள் நூல் அடித்து, பென்சிலில் குறித்து, அப்புறம்தான் பிரஷைத் தொடுவோம். அவர் எதையும் குறிக்காமல் எழுதியவர் என்பது பார்த்தாலே தெரிகிறது. ஆனாலும் சொல் எங்கே நிற்க வேண்டும் என்பதில் அந்தக் கைக்குத் தடுமாற்றம் இல்லை.

1981-இல் நியூயார்க்கின் பி.எஸ். 1 கலை மையத்தில் நடந்த கூட்டுக் கண்காட்சி அவரைக் கலை வணிகர்களின் கண்ணில் பட வைத்தது. மறு ஆண்டே ஜெர்மனியின் காசெல் நகரில் நடக்கும் டாக்குமென்டா கண்காட்சியில், 21 வயதில், இடம்பெற்றார். இந்த ஏற்றத்தைப் பற்றிப் பலரும் நிறையவே எழுதியிருக்கிறார்கள். நாம் படத்துக்கு வருவோம்.

அடிக்கப்பட்ட சொல்லைத்தான் முதலில் படிக்க வேண்டும். ஒரு சொல்லின்மேல் கோடு இழுத்தால் அது மறைந்துவிடாது, என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்க்கத்தான் தோன்றும். தெரிந்தே அப்படிச் செய்ததாக பாஸ்கியாவே சொல்லியிருக்கிறார். அடுத்து, வண்ணம் பூசி மூடிய இடங்களைத் தேடுங்கள். சுண்ணாம்பு அடித்த சுவரில் பழைய தேர்தல் வாசகம் எட்டிப் பார்ப்பதுபோல, அக்ரிலிக் பூச்சின் அடியில் முந்தைய சொற்கள் தெரியும். அதன்மேல் எண்ணெய் வண்ணக் குச்சியால் மறுபடி எழுதியிருப்பார். கித்தான் மட்டும் என்றில்லை; கதவு, ஜன்னல், குளிர்சாதனப் பெட்டி என்று கைக்குக் கிடைத்ததிலெல்லாம் வரைந்தவர்.

பழகிப் பார்க்க ஒரு படம் சொல்கிறேன்: 'ஹாலிவுட் ஆப்பிரிக்கன்ஸ்', 1983. நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்தில் பார்க்கலாம். ஏறக்குறைய ஏழடிக்கு ஏழடி, பளீரென்ற மஞ்சள். மூன்று முகங்கள்: பாஸ்கியாவும், அவருடன் லாஸ் ஏஞ்சலஸ் போன சுவர் ஓவிய நண்பர்கள் ராமெல்ஸீயும் டாக்ஸிக்கும். முகங்களை விட்டுவிட்டு எழுத்துகளைப் பொறுக்குங்கள். 12, 22, 60 என்ற எண்கள் கிடைக்கும், அவருடைய பிறந்தநாள். 'கரும்பு', 'புகையிலை' என்று எழுதியிருப்பார்; அடிமைகளைக் கொண்டு விளைவித்த பயிர்கள். 'ரவுடித்தனம்' ஓரிடத்தில். 'ப்வானா என்றால் என்ன?' என்று ஒரு கேள்வி. காட்டுப் படங்களில் கறுப்பின வேலைக்காரர் வெள்ளை எஜமானை அழைக்கும் சொல் அது. ஹாலிவுட் கறுப்பர்களுக்குக் கொடுத்த வேடங்களின் பட்டியல் உங்கள் கையில் வந்துவிட்டது. இப்போது முகங்களுக்குத் திரும்புங்கள். சினிமா ஊருக்குப் போன மூன்று கறுப்பு இளைஞர்கள் அந்தப் பட்டியலுக்கு நடுவில் நிற்பது தெரியும்.

எலும்பு, பல், குடல் எல்லாம் ஏன் வெளியே தெரிகின்றன என்று கேட்பவர்களுக்கு: ஏழு வயதில் பாஸ்கியா தெருவில் விளையாடும்போது கார் மோதி, கை உடைந்து, மண்ணீரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த பையனுக்கு அம்மா கொடுத்த புத்தகம், மருத்துவ மாணவர்கள் படிக்கும் 'கிரேஸ் அனாட்டமி'. உறுப்பை வரைந்து பக்கத்தில் பெயர் எழுதும் பழக்கத்துக்கு வேர் அங்கே இருக்கிறது. அவர் படங்களில் அடிக்கடி வரும் மூன்று முனைக் கிரீடத்தைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். பனியனிலும் கோப்பையிலும் அச்சடித்து அதைச் சலிக்க வைத்துவிட்டார்கள்.

கடைசியாகப் பார்க்க வேண்டியது ஒரு சின்னப் படம். 1983 செப்டம்பரில் மைக்கேல் ஸ்டீவர்ட் என்ற கறுப்பின இளைஞரை, சுரங்க ரயில் நிலையச் சுவரில் எழுதினார் என்று போலீஸ் பிடித்தது. நினைவிழந்த நிலையில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டவர் இரண்டு வாரத்துக்குள் இறந்தார். வழக்கில் போலீஸார் விடுதலையானார்கள். "அது நானாக இருந்திருக்கலாம்" என்று பாஸ்கியா கலங்கிப்போனார். ஓவியரான நண்பர் கீத் ஹேரிங்கின் ஸ்டூடியோச் சுவரில், தடி ஓங்கிய இரண்டு போலீஸார், நடுவில் முகமே இல்லாத கறுப்பு உருவம் என்று வரைந்தார். மேலே 'சுவரைச் சிதைத்தல்' என்ற பொருளில் ஒற்றைச் சொல். முன்னும் பின்னும் கேள்விக்குறி. கூடவே ஸாமோ காலத்துக் காப்புரிமைக் குறி. சிதைக்கப்பட்டது சுவரா, ஆளா என்று அந்தக் கேள்விக்குறிகள் கேட்கின்றன. ஹேரிங் பிற்பாடு அந்தச் சுவர்த் துண்டை அறுத்தெடுத்துச் சட்டம் போட்டுத் தன் கட்டிலுக்கு மேலே மாட்டிக்கொண்டார்.

1988 ஆகஸ்ட் 12 அன்று, 27 வயதில், ஹெராயின் மிதமிஞ்சி பாஸ்கியா இறந்தார். போலிகள் பெருகின. 2022-இல் ஆர்லாண்டோ அருங்காட்சியகத்தில் தொங்கிய 25 படங்களை அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. பறிமுதல் செய்தது. அவற்றில் ஒன்று கூரியர் நிறுவனத்தின் அட்டையில் வரையப்பட்டிருந்தது. அந்த அட்டையில் அச்சாகியிருந்த எழுத்துரு 1994-க்கு முன்னால் புழக்கத்திலேயே இல்லை. அப்படங்களில் சிலவற்றை ஐந்தே நிமிடத்தில் போட்டதாக ஏலக்காரர் ஒருவர் பின்னர் ஒப்புக்கொண்டார். அசல்தானா என்று சான்று கொடுத்துவந்த குடும்பத்தாரின் குழுவும் 2012-இலேயே கலைந்துவிட்டது. ஆகவே யாராவது உங்களிடம் மலிவு விலையில் ஒரு பாஸ்கியாவை நீட்டினால், முன்பக்கத்தை அப்புறம் ரசித்துக்கொள்ளலாம். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, அச்செழுத்தைப் படியுங்கள்.