சிறார், இளையோர் நூல்களை ஒரு வாரம் வாசிப்பது எப்படி?

பெரியவர்கள் சிறார் நூல்களுக்கென்று ஒரு வாரத்தை ஒதுக்கும்போது, எத்தனை புத்தகங்களை முடித்தோம் என்ற கணக்குதான் முதலில் தலைதூக்குகிறது. படப்புத்தகம் ஒன்றைப் பத்து நிமிடத்தில் புரட்டிவிட முடியும் என்பதால் இந்தக் கணக்கு எளிதில் ஏமாற்றிவிடும். ஆசிரியர், பெற்றோர், நூலகர், சிறாருக்கு எழுத விரும்புபவர் என யாராக இருந்தாலும், எண்ணிக்கையை விட்டுவிட்டு வயது ஏறும் வரிசையில் நூல்களை அடுக்கிக்கொள்வதே நல்லது. மூன்று வயதுக் குழந்தைக்கான புத்தகத்தில் தொடங்கிப் பதினேழு வயதினருக்கான நாவல் வரை ஒரே மூச்சில் வாசிக்கும்போதுதான், கதை சொல்லும் முறை வாசகரோடு சேர்ந்து எப்படி வளர்கிறது என்பது பிடிபடும்.

நூல்களை வாரம் தொடங்கும் முன்பே சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். நான்கைந்து படப்புத்தகங்கள், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய குழந்தைகளுக்கான சிறு நூல் ஒன்று, எட்டு முதல் பன்னிரண்டு வயதினருக்கான நாவல் ஒன்று அல்லது இரண்டு, இளையோர் நாவல் ஒன்று ஆகியவை ஒரு வாரத்துக்குத் தாராளம். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாதவர்களுக்கு விருதுப் பட்டியல்கள் கைகொடுக்கும். சிறார் இலக்கியத்துக்கான பன்னாட்டு விருதான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது 1956 முதல் எழுத்தாளர்களுக்கும், 1966 முதல் ஓவியர்களுக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வழங்கப்படுகிறது. பல நாட்டுப் படைப்பாளிகளை அந்தப் பட்டியலில் காணலாம். ஆனால் இவ்வகை விருதுகளைப் பெரும்பாலும் தீர்மானிப்பவர்கள் பெரியவர்கள். ஆகவே, தெரிந்த குழந்தை ஒன்று திரும்பத் திரும்ப வாசித்து ஓரம் கிழிந்துபோன ஒரு புத்தகத்தையாவது, அது நமக்கு எவ்வளவு சாதாரணமாகத் தோன்றினாலும், கட்டாயம் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதல் இரண்டு நாட்களைப் படப்புத்தகங்களுக்குக் கொடுங்கள். இவ்வளவு நேரம் தேவையா என்று தோன்றலாம். உண்மையில் பெரியவர்கள் மிக மோசமாக வாசிப்பது இவற்றைத்தான். அச்சுத் தாளை மடித்து வெட்டும்போது எட்டு, பதினாறு என்ற கணக்கில் பக்கங்கள் கிடைப்பதால், படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. தலைப்பும் பதிப்பு விவரங்களும் போக, கதைக்கு எஞ்சுபவை ஏறக்குறைய 12 முதல் 14 இரட்டைப் பக்கங்களே. இந்தச் சிறிய இடத்துக்குள் எழுத்தும் ஓவியமும் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ‘வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள்’ என்று எழுத்து சொல்லும். படத்திலோ கட்டிலுக்கு அடியில் இரண்டு கண்கள் விழித்திருக்கும். எழுத்தை மட்டும் வாசித்துப் பக்கத்தைத் திருப்பும் பெரியவர் அந்தக் கண்களைத் தவறவிடுவார். எழுத்து தெரியாத குழந்தையோ அவற்றைத்தான் முதலில் பார்க்கும்.

எனவே ஒவ்வொரு படப்புத்தகத்தையும் முதலில் சொற்களைத் தொடாமல் படங்களை மட்டும் பார்த்து, கதை என்னவாக இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை வாய்விட்டு வாசியுங்கள். வாக்கியம் எந்த இடத்தில் நின்று பக்கத்தைத் திருப்பச் சொல்கிறது என்பதைக் கவனித்தால், ஆசிரியர் ஆவலைத் தேக்கி வைத்திருக்கும் இடம் தெரியும். நாக்கு இடறும் வரிகளும் அப்போதுதான் வெளிப்படும். மொழிபெயர்ப்பு நூல்களில் இந்தச் சோதனை இன்னும் அவசியம்.

எழுத்துக்கூட்டி வாசிப்பவர்களுக்கான நூலை ஒரே அமர்வில் முடித்துவிடலாம். குறுகிய வாக்கியங்களுக்குள்ளும் சுவையான நிகழ்ச்சி இருக்கிறதா, அல்லது சொல் பயிற்சி மட்டும்தான் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எட்டு முதல் பன்னிரண்டு வயதுச் சிறாருக்கான நாவலில் ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: சிக்கலை அவிழ்ப்பவர் யார்? நல்ல நாவல்களில் அந்தப் பொறுப்பு சிறுவனிடமோ சிறுமியிடமோ இருக்கும். பெற்றோர் ஊரில் இல்லாமலோ, நம்பாமலோ, வேறு கவலையிலோ இருப்பார்கள். கடைசி அத்தியாயத்தில் ஒரு பெரியவர் வந்து எல்லாவற்றையும் சரிசெய்து அறிவுரையும் சொல்லிவிட்டால், அந்த நூல் குழந்தையை நம்பவில்லை என்றே நான் கருதுகிறேன். ‘இதில் என்ன நீதி?’ என்று தேடும் பழக்கத்தை இந்த வாரத்துக்காவது ஒதுக்கி வைப்பது வாசிப்பைப் பெரிதும் மேம்படுத்தும்.

இளையோர் நாவல், பொதுவாக 12 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு எழுதப்படுவது. இழப்பு, காதல், வன்முறை, அடையாளம் போன்றவற்றை அது நேராகவே பேசும். கதைசொல்லியும் பெரும்பாலும் அதே வயதில் இருப்பதால், பின்னாளில் வரும் தெளிவு கதைக்குள் இருக்காது. இங்கே பெரிய வாசகருக்குப் பொறுமை குறையும். ‘இந்தப் பெண் தாயிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இவ்வளவு நேர்ந்திருக்குமா?’ என்று எரிச்சல் வரும் பக்கத்தில் ஒரு குறி போடுங்கள். பிறகு ஏற்கெனவே வாசித்த பத்துப் பக்கங்களுக்குத் திரும்பிச் சென்று, அவள் வாய்திறக்காததற்கு ஆசிரியர் என்ன காரணங்களை வைத்திருக்கிறார் என்று தேடுங்கள். போதுமான காரணங்கள் அங்கே இருந்தால் எரிச்சல் நம் வயதின் எரிச்சல். இல்லாவிட்டால் குறை நூலினுடையது. ஒரு பதின்பருவ வாசகரிடம் அந்த நூலைப் பரிந்துரைப்பதா வேண்டாமா என்பதை முடிவுசெய்ய இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒவ்வொரு நூலுக்கும் இரண்டு வரிக் குறிப்பு எழுதுங்கள். கதைச் சுருக்கம் வேண்டாம். எந்தப் பக்கத்தில் நின்றீர்கள், எந்தக் குழந்தைக்கு இதைக் கொடுப்பீர்கள் என்பவை மட்டும் போதும்.

கடைசி நாளில் புதிய நூல் எதையும் எடுக்காமல், படப்புத்தகங்களில் ஒன்றை ஒரு குழந்தைக்கு வாசித்துக் காட்டுங்கள். பக்கத்தைத் திருப்பும் வேலையைக் குழந்தையிடமே விட்டுவிடுங்கள். வாசித்து முடித்ததும் கேள்வி கேட்காதீர்கள். பாதியில் அது எழுந்து போனால் பக்க எண்ணைக் குறித்துக்கொண்டு, இன்னொரு நாள் வேறொரு குழந்தைக்கு அதே நூலை வாசியுங்கள். அந்தக் குழந்தையும் அதே பக்கத்தில் எழுந்துவிட்டால், அந்தப் பக்கத்தை நீங்கள் மறுபடியும் ஒருமுறை ஆராய வேண்டும்.