புதுக் கம்பெனி, மூடிய கம்பெனி: கணக்கைப் படிப்பது எப்படி

இந்த மாதம் இத்தனை ஆயிரம் கம்பெனிகள் பதிவாயின என்று செய்தி வந்தால் தொழில் சூடுபிடித்துவிட்டது என்கிறார்கள். இத்தனை கம்பெனிகள் நீக்கம் என்றால் படுத்துவிட்டது என்கிறார்கள். எந்த எண், எந்தத் தேதியைக் காட்டுகிறது என்று பார்க்காமல் இரண்டையும் நம்பக்கூடாது.

எக்செல்லில் ஒரு தாளைத் திறந்து ஐந்து பத்திகள் போடுங்கள்: காலாண்டு, புதுப் பதிவு, காலாண்டின் தொடக்கத்தில் இயங்கும் கம்பெனிகள், பதிவேட்டிலிருந்து நீக்கம், திவால் வழக்கு ஏற்பு. இரண்டாவது முதல் நான்காவது வரையிலான பத்திகளுக்குக் கம்பெனி விவகார அமைச்சகத்தின் மாத அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். ஐந்தாவது, திவால் வாரியமான ஐபிபிஐயின் காலாண்டு இதழில் கிடைக்கும். அது மாதக் கணக்காக வராது என்பதால்தான் காலாண்டு. ஆறாவதாக ‘விதி மாற்றம்’ என்று ஒரு பத்தியும் வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

வெறும் எண்ணிக்கையை ஒப்பிடாமல் விகிதமாக்குங்கள். ஒரு மாநிலத்தில் 1,00,000 கம்பெனிகள் இயங்குகின்றன, காலாண்டில் 1,200 புதிது, 700 நீக்கம் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு 12 வரவு, 7 செலவு, நிகரம் 5. இதை முந்தைய காலாண்டோடு அல்ல, போன வருஷம் இதே காலாண்டோடு ஒப்பிடுங்கள். தீபாவளி விடுமுறையும் மார்ச் மாத நெருக்கடியும் எண்களை இழுத்துவிடும்.

இனி செலவுப் பக்கம். நீக்கம் என்றாலே நொடிப்பு அல்ல. 2013 கம்பெனிச் சட்டத்தின் 248-ஆம் பிரிவில், இரண்டு நிதியாண்டுகளாகத் தொழில் செய்யாத கம்பெனியைப் பதிவாளரே நீக்கலாம். உரிமையாளர்களே எஸ்டிகே-2 படிவம் போட்டும் வெளியேறலாம். ஆகவே இன்றைய நீக்கம் காட்டுவது பெரும்பாலும் இரண்டு வருஷத்துக்கு முந்தைய நிலவரம். 2017-இல் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் நீக்கப்பட்டன. அது கணக்குத் தாக்கல் செய்யாத பெயரளவுக் கம்பெனிகளைக் களையெடுத்தது. அவ்வளவு தொழில்கள் அந்த வருஷம் விழவில்லை. 2023 மே மாதம், கம்பெனியை மூடும் விண்ணப்பங்களைக் கவனிக்கும் சி-பேஸ் மையம் வந்தபின் தானாக வெளியேறுவது சுலபமாகிவிட்டது. அந்தத் தேதியை ஆறாவது பத்தியில் குறித்துக்கொள்ளுங்கள்.

திவால் எண்ணிக்கை இன்னும் ஏமாற்றும். 2020 மார்ச் 24 அன்று வழக்குக்கான குறைந்தபட்சக் கடன்பாக்கி 1 லட்சத்திலிருந்து 1 கோடியாக உயர்ந்தது. மறுநாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் ஏற்பட்ட பாக்கிகளுக்காகத் திவால் வழக்கே போட முடியாது என்றும் ஆனது. அந்த ஏப்ரல்-ஜூனில் ஜிடிபி சுமார் 24% சுருங்கியது. திவால் வழக்குகளோ குறைந்தன. திவால் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவருக்கு 2020 நல்ல வருஷமாகத் தெரியும்! கலைப்புக்குப் போகும் வழக்குகளிலும் முக்கால்வாசிக்கு மேல் முன்பே முடங்கிக் கிடந்தவை அல்லது நலிந்த கம்பெனிகளைக் கவனித்த பழைய வாரியமான பிஐஎஃப்ஆரில் இருந்தவை. நோயை அல்ல, இறப்புச் சான்றிதழை எண்ணுகிறீர்கள்.

வரவுப் பக்கமும் அப்படித்தான். 2020-21-இல் புதுப் பதிவுகள் சுமார் 1.55 லட்சம், முந்தைய ஆண்டைவிட அதிகம். 15 லட்சம் வரை அங்கீகரித்த மூலதனத்துக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது, கம்பெனிப் பதிவுக்கான ஸ்பைஸ்+ படிவத்திலேயே பான், டான், பிஎஃப், இஎஸ்ஐ எல்லாம் சேர்ந்து கிடைக்கும் என்றாகிவிட்டபோது, பதிவு செய்வது தொழில் தொடங்குவது ஆகாது. தனித்தனிக் கம்பெனிகளைப் பார்ப்பதாக இருந்தால் ஐஎன்சி-20ஏ தாக்கலாகியிருக்கிறதா என்று பாருங்கள். பங்கு மூலதனம் உள்ள கம்பெனி 180 நாளுக்குள் தரவேண்டிய தொழில் தொடக்க உறுதிமொழி அது. மூலதனத்தையும் துறையையும் பிரித்துப் பார்ப்பதும் உதவும்.

திருப்பூர் ஜாப் ஒர்க் யூனிட்டோ மதுரை மொத்தக் கடையோ இந்தத் தாளில் பெரும்பாலும் வராது. தனியுரிமை, கூட்டாண்மைத் தொழில்கள் அமைச்சகக் கணக்கில் இல்லை. அவற்றுக்கு ஜிஎஸ்டி பதிவு, ரத்து எண்களைப் பாருங்கள். ரத்தில், தானாகக் கேட்டதையும் ரிட்டர்ன் போடாததால் அதிகாரி ரத்து செய்ததையும் பிரிக்க முடிந்தால் பிரியுங்கள். சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவின் எண்ணிக்கையைத் தொழில் பிறப்பாகக் கொள்ளாதீர்கள்: 2020 ஜூலையில் அது தொடங்கியபோது, ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த யூனிட்டுகளும் அதில் புதிதாகப் பதிய வேண்டியிருந்தது.