கண்ணாடியில் சிலந்தியைக் கவனிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாணவர்களுக்குச் சிலந்திகளைக் கவனிக்கக் கற்றுத்தருகிறேன். தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் செய்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். புட்டியின் மூடியைத் திறந்து வைப்பது போன்ற வெளிப்படையான தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்.

எல்லாச் சிலந்தியும் ஏறும் என்று நம்புவது

வட்ட வலை பின்னும் சிலந்தியின் ஒவ்வொரு காலிலும் மூன்று உகிர்கள் (நகங்கள்) உண்டு. அவை இழையைப் பற்றுவதற்கானவை. கண்ணாடிப் புட்டியில் அது வழுக்கி விழுந்தால் நோய் என்று எழுதிவிடக் கூடாது. தாவும் சிலந்திக்கு இரண்டு உகிர்களுடன் ஒட்டுமயிர்க் கற்றையும் இருக்கிறது; அதனால் அது கண்ணாடியிலும் ஏறும்.

உறிஞ்சுகுழி என்று எழுதுவது

சிலந்தியின் பாதத்தில் உறிஞ்சுகுழி இல்லை.

மாவு பூசிய கையுறையுடன் கண்ணாடியைத் தொடுவது

இதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு மழைக்காலத்தில், வீட்டுச் சுவரில் ஈ பிடிக்கும் பிளெக்சிப்பஸ் என்ற தாவும் சிலந்திகளை மூன்று வாரம் கண்ணாடித் தகட்டில் ஏறவிட்டு, அவை வழுக்கிய போதெல்லாம் ஈரப்பதத்தைக் காரணமாகக் குறித்து வைத்தேன். உண்மைக் காரணம் என் கையுறையிலிருந்து உதிர்ந்த மாவு. ஒட்டுமயிர் ஒவ்வொன்றும் நுண்ணிழைகளாகப் பிரிந்து தட்டையான நுனியில் முடிகிறது. எவார்ச்சா ஆர்க்குவாட்டா என்ற தாவும் சிலந்தியில் அத்தகைய நுனிகள் ஏறக்குறைய 6,24,000 என்று 2003-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. பரப்பை மிக நெருங்கினால்தான் வான் டெர் வால்ஸ் விசை (மூலக்கூறுகளுக்கு இடையிலான மெல்லிய ஈர்ப்பு) வேலை செய்யும். இடையில் நுனியைவிடப் பன்மடங்கு பெரிய மாவுத்துகள் கிடந்தால், மயிர் துகளைப் பிடிக்கும். துகளோ கண்ணாடியைப் பிடிக்காது. இரண்டும் சேர்ந்து சரியும். வழுக்கிய சிலந்திகள் கால்களை வாயால் வருடிச் சுத்தம் செய்ததை என் குறிப்பேட்டிலேயே எழுதியிருந்தும், அதன் பொருளை நான் யோசிக்கவில்லை. அத்தனை பக்கங்களையும் கழித்துக் கட்டினேன். சென்ற வாரம் ஒரு மாணவி அதே கையுறையுடன் வந்து, ஈரப்பதமே காரணம் என்று என்னிடம் சொன்னார்.

தகட்டைச் சோப்பு நீரில் கழுவி, வாலைவடிநீரில் (காய்ச்சி வடித்த நீரில்) அலசி, விளிம்பை மட்டும் பிடித்து உலர்த்துங்கள். வழுக்கிய சிலந்தியைக் கால்களைச் சுத்தம் செய்ய விட்டு, பிறகு புதிய தகட்டில் விடுங்கள். அதிலும் வழுக்கினால்தான் வேறு காரணத்தைத் தேடலாம்.

தேளைக் கொண்டு சிலந்தியின் உறவினங்கள் எல்லாவற்றையும் முடிவு செய்வது

தேள் தூய கண்ணாடியில் ஏறாது; அதன் உறவான, கொடுக்குவால் இல்லாத சிறு உயிரியான போலித்தேளோ காலடியில் உள்ள மென்திண்டின் உதவியால் கண்ணாடியில் தலைகீழாகவும் நடக்கும்.

ஒட்டியிருக்கும் சிலந்தியைப் பிடித்து இழுப்பது

கால் கழன்றுவிடும். மென்தூரிகையால் பின்புறம் தொடுங்கள், தானே நகரும்.