மாற்றுத்திறனாளி பார்க்கிங்: எங்கே நீலம், எங்கே வெள்ளை, எங்கே மஞ்சள்?

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் அபார்ட்மெண்ட் வளாகத்தில் மாற்றுத்திறனாளிக்கென ஒரு கார் நிறுத்துமிடம் வரைய வேண்டியிருந்தது. காய்ச்சி ஊற்றும் தெர்மோபிளாஸ்டிக் வேலைக்காரர்கள் ஒரே ஒரு கட்டத்துக்காக வரமாட்டார்கள். பெயிண்டும் ரோலருமே போதும்.

முதலில் அளவு. மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி அகலம் 3.6 மீட்டர், நீளம் 5 மீட்டர். வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும். 3.6இல் 2.4 மீட்டர் காருக்கு, மீதி 1.2 மீட்டர், கதவை முழுக்கத் திறந்து சக்கர நாற்காலியை இறக்க. நூல் அடிக்கும்போது மூலை சரியாக இருக்கிறதா என்று 3-4-5 கணக்கில் (ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி என்றால் குறுக்கே 5 அடி) பார்த்துக்கொள்ளுங்கள். கொத்தனாரைக் கேட்டால் ஒரு நிமிடத்தில் காட்டிவிடுவார்.

அடுத்து நிறம். கட்டம் முழுவதையும் நீலமாக அடிக்கத் தேவையில்லை. நீலம் சின்னத்தின் பின்னணிக்கு மட்டும்: கட்டத்தின் நடுவில் 1 மீட்டருக்குக் குறையாத, 1.5 மீட்டரைத் தாண்டாத ஒரு சதுரம். அதன்மேல் சக்கர நாற்காலிச் சின்னம் வெள்ளையில். எல்லைக் கோடுகளும் வெள்ளை. முழுக் கட்டத்துக்கும் பளபள எனாமல் அடித்தால் மழையில் வழுக்கும், ஊன்றுகோலோடு இறங்குகிறவரின் நிலையை யோசியுங்கள். சதுரத்துக்கு அடிக்கும் நீலத்திலும் சலித்த நைஸ் மணலைக் கொஞ்சம் கலந்துகொள்வேன். ஆகாய நீலம் வேண்டாம், வெள்ளைச் சின்னம் அதில் எடுபடாது. ஆர்ஏஎல் (நிறங்களுக்கு எண் கொடுக்கும் முறை) 5017 என்ற நிற அட்டையைக் காட்டி அதற்கு நெருக்கமான நீலத்தைக் கேளுங்கள். ரோடு மார்க்கிங் பெயிண்டில் வெள்ளையும் மஞ்சளும் எளிதாகக் கிடைக்கும், நீலத்துக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

அந்த 1.2 மீட்டர் பட்டைக்கு மட்டும் நான் மஞ்சள் சாய்கோடு போட்டேன். வெள்ளையும் போடலாம். ஆனால் வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் நம் ஊரில் ‘பைக் விட இடம்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாலை ஓர மஞ்சள் கோடு என்றால் வண்டி நிறுத்தக் கூடாது என்பதாவது கொஞ்சம் பேருக்குத் தெரியும்.

இனி தரை. கடலோரத்தில் பெயிண்ட் உரிவதற்கு முக்கியக் காரணம் ஈரமும் உப்பும். முதல்நாள் இரவு ஒரு பாலித்தீன் துண்டைத் தரையில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிடுங்கள். காலையில் உள்பக்கம் வேர்த்திருந்தால் அன்றைக்கு வேலை வேண்டாம். கழுவும்போது போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கடைசி அலசலுக்காவது குழாய்த் தண்ணீர் பிடியுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையில் இறங்கவே இறங்காதீர்கள். மாசி, பங்குனி தோதானது.

அதிகம் தொல்லை கொடுப்பது டேப் ஓரம்தான். சொரசொரப்பான கான்கிரீட்டில் மாஸ்கிங் டேப் முழுதாக ஒட்டாது, அடியில் பெயிண்ட் கசிந்து கோடு பல்லிளிக்கும். வழி இருக்கிறது. நீலச் சதுரம் அடித்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள், இல்லையென்றால் டேப்போடு நீலமும் வந்துவிடும். பிறகு டேப் ஒட்டி, அதன் ஓரத்தில் மறுபடி அதே நீலத்தை லேசாகத் தடவுங்கள். கசிவது நீலமாகவே கசிந்து இடுக்கை அடைத்துவிடும். அது காய்ந்தபின் வெள்ளை. வெறும் தரையில் போடும் கோடுகளுக்கு நீலத்துக்குப் பதில் கிளியர் சீலர் (நிறமில்லாத பூச்சு). கடைசிப் பூச்சு அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போதே டேப்பை உரித்துவிட வேண்டும்.

சின்னத்தை வெட்டியெடுத்த அச்சுக்கு, அதாவது ஸ்டென்சிலுக்கு, பழைய ஃபிளெக்ஸ் வேண்டாம், சுருளும். சக்கரத்தின் உள்பக்கம் மெல்லிய இணைப்பில்தான் நிற்கும், அங்கேதான் முதலில் தூக்கும். பேனர் கடையில் 3 மில்லிமீட்டர் சன்போர்டில் (பிளாஸ்டிக் நுரை அட்டை) வெட்டித் தருவார்கள். (இந்தச் சின்னத்துக்காக 1968இல் டென்மார்க் மாணவி சூசன் கோஃபூட் வரைந்த முதல் படத்தில் நாற்காலிக்காரருக்குத் தலையே கிடையாது. வட்டத் தலை பிறகுதான் சேர்ந்தது.) பிரஷ்ஷால் இழுக்காதீர்கள், ஸ்பாஞ்ச் ரோலரில் பெயிண்டைக் குறைவாக எடுத்து ஒற்றி ஒற்றி அடியுங்கள்.

தரைச் சின்னத்தின்மேல் கார் நின்றுவிட்டால் அது தெரியாது. அதனால் கம்பத்தில் ஒரு பலகையும் வேண்டும்.

பின்சேர்க்கை 1: “எங்கள் வளாகத்தில் இருப்பவரிடம் கார் இல்லை, இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்தான். பாதி இடம் போதுமா?” என்று கடலூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். குறைக்காதீர்கள். அவரைப் பார்க்க வருகிறவர் காரில் வரலாம்.

பின்சேர்க்கை 2: பாரிஸிலிருந்து ஒரு நண்பர், “அங்கே நீலக் கோடு என்றால் வேறு அர்த்தமாயிற்றே” என்றார். உண்மைதான். பிரான்ஸில் நீலக் கோடு, அட்டையில் மணி காட்டி வைத்துக் குறிப்பிட்ட நேரம் மட்டும் நிறுத்தும் இடம். விடுமுறைக்கு அங்கிருந்து வருகிற உறவுக்காரர்கள் நம் நீலச் சதுரத்தைப் பார்த்து அப்படி நினைத்துவிட்டால், கம்பத்துப் பலகையைக் காட்டுங்கள்.

பின்சேர்க்கை 3: இன்டர்லாக் கல் பதித்த தரையில் கல் இடுக்கு மணல் பெயிண்டோடு பெயர்ந்து வரும். அங்கே நல்ல துடைப்பத்தால் பெருக்கிய பிறகுதான் டேப் ஒட்ட வேண்டும். அப்போதும் இடுக்கில் கோடு விட்டுவிட்டுத்தான் விழும், சின்ன பிரஷ்ஷால் நிரப்பிக்கொள்ளுங்கள்.