ஸ்பிண்டில் கேலக்ஸியைத் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழப்பம் பெயரிலேயே ஆரம்பிக்கிறது. ஸ்பிண்டில் என்ற செல்லப்பெயர் இரண்டு கேலக்ஸிகளுக்கு உண்டு: செக்ஸ்டன்ஸ் விண்மீன் குழாமில் இருக்கும் என்ஜிசி 3115, வடக்கே டிராகோ குழாமில் இருக்கும் என்ஜிசி 5866 (என்ஜிசி என்பது விண்பொருள்களுக்கு எண் கொடுக்கும் ஒரு பட்டியல்). இரண்டுமே லென்ஸ் வடிவ வகை, இரண்டுமே நமக்குப் பக்கவாட்டில் தெரிபவை. தொலைநோக்கியை இயக்கும் செயலியில் பெயரை மட்டும் தட்டினால் அது வானத்தின் வேறு கோடிக்குத் திரும்பிவிடும். எண்ணைக் கொடுத்துத் தேடுங்கள். 1787-ல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்த 3115 பற்றித்தான் இங்கே பேச்சு. தொலைவு சுமார் 3 கோடி ஒளியாண்டு.

அடுத்து, செக்ஸ்டன்ஸை முதலில் கண்டுபிடிக்கப் பார்ப்பது. வீண் வேலை. அந்தக் குழாமில் பளிச்சென்று ஒரு நட்சத்திரம்கூட இல்லை. சிம்மத்தின் மகம் நட்சத்திரத்தைப் பிடித்து நேர் தெற்கே சுமார் 20 பாகை இறங்குங்கள். ஹைட்ரா குழாமின் செந்நிற அல்ஃபார்ட் நட்சத்திரத்திலிருந்து கிழக்கே 10 பாகைக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்தாலும் அதே இடம்தான். நீட்டிய கையின் மூடிய முஷ்டி ஏறக்குறைய 10 பாகை. ஏப்ரல் தொடக்கத்தில் இரவு 9 மணிவாக்கில் இந்தப் பகுதி உச்சத்துக்கு வரும். ஆகஸ்ட் கடைசியில் தேடிப் பயனில்லை, சூரியன் அந்தப் பக்கம் இருக்கும்.

சரி, கண்டுபிடித்தாயிற்று. மங்கலான பொருள் என்றால் உருப்பெருக்கத்தைக் குறை என்பார்கள். இதற்கு அது பொருந்தாது. ஒளி சிறிய பரப்பில் அடர்ந்திருப்பதால் 100 மடங்கு பெருக்கத்தையும் தாங்கும், நீண்ட வடிவமும் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். நிலா இல்லாத இரவு மட்டும் அவசியம்.

பெரிய தவறு வேறு. சுருள் கைகள் தெரியவில்லை, ஆகவே லென்ஸ் வடிவம் என்று முடிவு கட்டுவது. பக்கவாட்டில் பார்த்தால் எந்தச் சுருள் கேலக்ஸியிலும் கைகள் தெரியாது; சுருள் வகையான என்ஜிசி 4565 அப்படித்தான். நடுவே ஓடும் கரிய தூசிப் பட்டையை வைத்துப் பிரிக்கலாமா? அதுவும் முழுக்க நம்பத்தக்கதல்ல, லென்ஸ் வகையான 5866-லேயே மெல்லிய பட்டை ஒன்று இருக்கிறது. தட்டும் மையப் புடைப்பும் இருந்து, புது நட்சத்திரம் பிறப்பதற்கான வாயு ஏறக்குறைய தீர்ந்துபோயிருப்பதே இந்த வகையின் அடையாளம். வானியலாளர் ஹபிள் கேலக்ஸிகளை வடிவப்படி வகைப்படுத்திய வரைபடத்தில் நீள்வட்ட வகைக்கும் சுருள் வகைக்கும் நடுவில் இது நிற்பதால், ஒன்று இன்னொன்றாக மாறும் வழியில் இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அது வடிவ வரிசை, வயது வரிசை அல்ல.

அப்புறம், மையத்தில் பளிச்சென்று தெரிவது கருந்துளையின் ஒளி அல்ல. சுமார் 100 கோடி சூரியன்களின் நிறையுள்ள கருந்துளை அங்கே இருப்பது உண்மைதான். ஆனால் நம் கண்ணுக்கு வருவது அதைச் சுற்றி நெருக்கமாகக் குவிந்த வயதான நட்சத்திரங்களின் ஒளி.