ஆன்டெனா சர்க்யூட் காப்புரிமை: "யாருக்கும் தோன்றும்" என்று தள்ளினால் மேல்முறையீடு செய்வது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா காப்புரிமை அலுவலகத்தில் படிவம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துப் பதிவு செய்வதே வழக்கம். அதில் பழகிய டர்பன்காரருக்கு அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தின் கடிதம் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். பரிசோதகர் இரண்டு பழைய ஆவணங்களைக் காட்டி, "இவற்றைச் சேர்த்தால் உங்கள் சர்க்யூட், துறை தெரிந்த யாருக்கும் தோன்றும்" என்று அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 103-ஆம் பிரிவில் தள்ளிவிடுவார்.

முதலில் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். இறுதி நிராகரிப்புக்குப் பின் மேல்முறையீட்டு நோட்டீஸுக்கு 3 மாதம், கூடுதல் கட்டணம் கட்டினால் 6 மாதம் வரை. கடைசி நாள் நள்ளிரவு என்பது வாஷிங்டன் நேரம். தென்னாப்பிரிக்காவில் நமக்கு மறுநாள் காலை 6 மணி, அவர்களுடைய குளிர்காலத்தில் 7. அதை நம்பித் தூங்கிவிடாதீர்கள்.

அப்புறம் வாதம். "இரண்டையும் சேர்க்கச் சொல்லி எங்கும் எழுதவில்லையே" என்பது மட்டும் எடுபடாது. 2007-இல் கேஎஸ்ஆர் (KSR) வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தக் கதவைச் சாத்திவிட்டது. சேர்த்தால் முதல் கருவி கெட்டுவிடும் என்று காட்டுங்கள். உதாரணமாக, முதல் ஆவணம் பட்டன் பேட்டரியில் பல ஆண்டு ஓடும் டிராக்கர். இரண்டாவதில், ஆன்டெனாவை ரேடியோவோடு பொருத்தும் மேட்சிங் சர்க்யூட்டை மாற்ற, மின்சாரம் கொடுத்தால் ஸ்விட்ச் போல வேலை செய்யும் PIN டையோடு. அது ஆனில் இருக்க 5 மில்லிஆம்பியர் தொடர்ந்து கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பேட்டரி 220 மில்லிஆம்பியர்-மணி. வகுத்துப் பாருங்கள்: 44 மணி நேரம். இரண்டு நாள்கூடத் தாங்காத டிராக்கரை எந்தப் பொறியாளர் செய்வார்?

இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். வக்கீலின் வாதம் சாட்சியம் ஆகாது. அந்த எண்கள் ஆவணத்திலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பொறியாளர் கையெழுத்திட்ட உறுதிமொழியாகக் கோப்பில் ஏற வேண்டும். அதையும் இறுதி நிராகரிப்புக்கு முன்பே கொடுப்பது நல்லது. பிந்தினால் தாமதத்துக்குக் காரணம் கேட்பார்கள். மேல்முறையீடு தொடங்கியபின் கதவு ஏறக்குறைய மூடிவிடும்.

நோட்டீஸ் போட்ட 2 மாதத்தில் விரிவான மனு. தனியாகக் காப்பாற்ற நினைக்கும் ஒவ்வொரு கிளெய்முக்கும் (உரிமைக் கோரிக்கைக்கும்) தனித் தலைப்பு கொடுங்கள், இல்லையேல் எல்லாம் ஒன்றாக விழும். பரிசோதகர் பதில் எழுதியதும் மறுப்புக்கு இன்னொரு 2 மாதம். கோப்பை மேல்முறையீட்டை விசாரிக்கும் வாரியத்துக்கு அனுப்பும் கட்டணத்துக்கும் அதே கெடுதான்; கட்ட மறந்தால் மேல்முறையீடே தள்ளுபடி.